பானையை உடைத்த பையன்



ஒரு கேள்வியோடு தொடங்குவோமா? நாட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டால் அந்தத் தவறு உடனே நின்றுவிடுமா?

நான் வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் நின்றுவிடும் என்பார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அவர்கள் அப்பா போடுகிறாரா என்ன!

சட்டம் எழுதுவது ஒரு வேலை. அது நடக்கிறதா என்று பார்ப்பதும், நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று அரசாங்கத்தையே கேட்பதும் இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைதான் கடினம். அதைச் செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் எல். இளையபெருமாள். கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள்.

சிதம்பரத்திலிருந்து மேற்கே பேருந்தில் போனால் காட்டுமன்னார்கோவில் வரும். பக்கத்திலேயே கடல் போல வீராணம் ஏரி. சோழர் காலத்தில் வெட்டிய ஏரி அது. இன்று சென்னைக்குக் குடிநீர் போவதும் அங்கிருந்துதான். எங்கு பார்த்தாலும் நெல்வயல். அந்த ஊரில் 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி பிறந்தவர் இளையபெருமாள். அப்போது அது தென்னார்க்காடு மாவட்டம். கடலூர் தனி மாவட்டம் ஆனது 1993இல்தான்.

இவ்வளவு தண்ணீர் உள்ள ஊரில் குடிதண்ணீருக்கு ஒரு சண்டை நடந்தது என்றால் நம்புவீர்களா? தண்ணீர் குறைவாக இருந்ததால் வந்த சண்டை அல்ல அது.

இளையபெருமாள் படித்த பள்ளியில் குடிதண்ணீருக்கு இரண்டு பானைகள் வைத்திருந்தார்களாம். ஒன்று பொதுவாக எல்லா மாணவருக்கும். இன்னொன்று தாழ்த்தப்பட்ட மாணவருக்கு மட்டும். இரண்டிலும் ஒரே தண்ணீர்தான், ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால் இந்தப் பானையைத் தொடுகிற கை அந்தப் பானையைத் தொடக் கூடாது. சிறுவன் இளையபெருமாளுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் தங்களுக்கென்று வைத்திருந்த தனிப் பானையை உடைத்துவிட்டான். விசாரணை நடந்தது. கடைசியில் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே பானை என்று ஆனது. அவருடைய வாழ்க்கையைச் சொல்கிற யாரும் இந்தச் செய்தியை விடாமல் சொல்வார்கள்.

பானையை உடைப்பது நல்ல பழக்கமா, ஐயா என்று கேட்காதீர்கள்! அந்த உடைப்பைப் பற்றி எனக்குத் தோன்றுவது வேறு. அவர் மற்றவர்களுடைய பானையை உடைக்கவில்லை. தங்களுக்குத் தனியாக வைத்ததைத்தான் உடைத்தார். தனிப் பானை இல்லை என்றால் பிறகு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? ஒன்று, பிள்ளைகளைத் தாகத்தோடு விட வேண்டும். அல்லது பொதுப் பானையைக் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பள்ளிக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா? பின்னாளில் நாடாளுமன்றத்திலும் அவர் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

அந்தக் காலத்து ஊர்களில் தனிப் பானை மட்டும் இல்லை. டீக்கடையில் தனித் தம்ளர். கோவிலுக்குள் போக முடியாது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. ஊரில் யார் இறந்தாலும் போய்ப் பறை அடிக்க வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும். விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறந்த சாதிக்காக ஒருவர் தலையில் கட்டிவிட்ட வேலை அது. இளைஞர் இளையபெருமாள் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய், இந்த வேலைகளை இனிமேல் செய்ய மாட்டோம் என்று சொல்ல மக்களைத் திரட்டினார். பக்கத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இலேயே நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே அந்த மண்ணில் விழிப்பு ஏற்கெனவே வந்திருந்தது.

இனி டெல்லிக்குப் போவோம்.

1950 ஜனவரி 26இல் நமது அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எந்த வடிவில் அதைக் கடைப்பிடித்தாலும் குற்றம் என்றும் சொன்னது. அடுத்து, 1951 கடைசியிலும் 1952 தொடக்கத்திலும் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் இப்போது இல்லாத ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள்! வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. வெற்றி பெறும் இருவரில் ஒருவர் தாழ்த்தப்பட்ட வகுப்பையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். நாடு முழுவதும் இப்படி 86 தொகுதிகள் இருந்தன. கடலூரும் அவற்றில் ஒன்று. 1961இல் ஒரு சட்டம் போட்டு இந்த முறையை நிறுத்திவிட்டார்கள்.

கடலூர் தொகுதியில் 1952இல் வென்ற இருவரில் ஒருவர் உழைப்பாளர் கட்சியைச் சேர்ந்த கோவிந்தசாமி கச்சிராயர். இன்னொருவர் காங்கிரஸ் வேட்பாளர் இளையபெருமாள். அப்போது அவருக்கு வயது 27. உங்கள் அண்ணன், சித்தப்பா வயதில் ஒருவர் நாடாளுமன்றத்துக்குப் போகிறார்! அடுத்து 1957இல் சிதம்பரம் தொகுதியில் வென்றார். 1962இல் திருக்கோவிலூரில் வென்றார். ஆக, மூன்று முறை, 15 ஆண்டுகள் மக்களவை உறுப்பினர். அன்று மக்களவை கூடிய வட்டமான கட்டடத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2023இல் புதிய கட்டடத்துக்கு மாறிய பிறகு பழைய கட்டடத்துக்கு அரசியலமைப்பு மாளிகை என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அவர் உறுப்பினராக இருந்த முதல் மக்களவையில்தான், 1955ஆம் ஆண்டு, தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு இது குற்றம் என்று சொன்னதே தவிர, செய்தவருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த சட்டம் இது. கோவில், கிணறு, கடை, ஓட்டல், மருத்துவமனை, பள்ளிக்கூடம், எங்கே தடுத்தாலும் குற்றம். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இலக்கணம் படிக்கிற பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? ஆறு மாதம் வரை என்றால், குறைந்தது எத்தனை நாள்? சொல்லவில்லை. 500 ரூபாய் வரை என்றால், குறைந்தது எவ்வளவு? அதுவும் சொல்லவில்லை. அப்படியானால் நீதிமன்றம் சில ரூபாய் அபராதம் போட்டாலும் சட்டப்படி சரிதான். பணக்காரர் ஒருவர் அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடலாம்!

இன்னொரு ஓட்டையும் இருந்தது. வழக்குப் போட்டவரும் குற்றம் செய்தவரும் சமாதானமாகப் போய்விட்டால் வழக்கு முடிந்தது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் என்ன நடக்கும், யோசித்துப் பாருங்கள். வழக்குப் போட்டவர் கூலிக்கு நடவு நடுகிறவர். யார் மீது வழக்கோ, அவர்தான் வயலின் சொந்தக்காரர். நாளைக்கு வேலை வேண்டுமா, வழக்கு வேண்டுமா என்றால் அந்த ஏழை என்ன செய்வார்? சமாதானம் என்று கைநாட்டு வைத்துவிடுவார்.

இதையெல்லாம் நாடாளுமன்றத்தில் எப்படிக் கேட்பது? அதற்கு அரசியலமைப்பே ஒரு வழி வைத்திருந்தது. 338ஆவது பிரிவின்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலனைக் கவனிக்க ஓர் ஆணையர் இருப்பார். எங்கே என்ன நடந்தது என்று அவர் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வரும். உறுப்பினர்கள் அதை வைத்துக்கொண்டு அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம். எத்தனை வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை, ஏன் இவ்வளவு குறைவு? உங்கள் வீட்டுப்பாடத்தை ஆசிரியர் தினமும் பார்க்கிறார் அல்லவா, அதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையபெருமாளைப் போல ஊரில் தீண்டாமையை நேரில் அனுபவித்தவர்கள் அந்த அவையில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு முக்கியம் என்று இப்போது தெரிகிறதா? மற்றவர்களுக்கு அறிக்கையில் இருந்தது எண். அவருக்கு அது காட்டுமன்னார்கோவில் பள்ளியின் பானை. சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது குறையை எடுத்துச் சொல்வது எளிதல்ல. மத்தியில் அன்று ஆட்சி அவருடைய காங்கிரஸ் கட்சியினுடையதுதான்.

1965இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தீண்டாமை நாட்டில் எந்த அளவுக்கு இருக்கிறது, தாழ்த்தப்பட்ட மக்களின் கல்வியும் வருமானமும் எப்படி இருக்கின்றன என்று ஆராய வேண்டும். குழுவின் தலைவர் இளையபெருமாள். அவருக்கு அப்போது நாற்பது வயதுதான். பெயர் நீளமான குழு என்பதால் எல்லோரும் இளையபெருமாள் குழு என்றே அழைத்தார்கள். இன்றும் சட்டப் புத்தகங்களில் அதே பெயர்தான்.

குழு வேலை என்றால் டெல்லியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். மாநிலம் மாநிலமாகப் போக வேண்டும். அதிகாரிகளைக் கேட்டால், எங்கள் பக்கம் தீண்டாமையே இல்லை என்று சொல்லிவிடுவது அப்போது வழக்கம். சேரிக்குள் போய் மக்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும். தீண்டாமையைச் சட்டம் போட்டு ஒழித்துப் பல ஆண்டுகள் ஆகியும் டீக்கடைத் தனித் தம்ளர், தடுக்கப்பட்ட கிணறு, முடிவெட்ட மறுக்கும் கடை, கோவில் வாசலோடு நிற்க வேண்டிய நிலை எல்லாம் நாட்டின் பல பகுதிகளிலும் இருப்பதைக் குழு பதிவு செய்தது.

இடையில் 1967 தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் பெரும் தோல்வி அடைந்தது. அதற்குப் பிறகு இளையபெருமாள் மக்களவை உறுப்பினர் இல்லை. ஆனால் குழுவின் வேலையை விடவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணி கிராமத்தில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் தீயில் கருகி இறந்தார்கள். பெண்களும் உங்களைப் போன்ற குழந்தைகளும்தான் அதில் அதிகம். இதை எழுதும்போது என் கை நிற்கிறது. பெரியவர்கள் ஆனதும் இதைப் பற்றி விரிவாகப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நாடே அதிர்ந்திருந்த அந்த நேரத்தில், 1969இல், குழு தன் அறிக்கையைக் கொடுத்தது.

அறிக்கையில் ஒரு பரிந்துரை பெரிய பேச்சை உண்டாக்கியது. கோவில் பூசாரி வேலை அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு பேரன் என்று பரம்பரையாகப் போகும் முறையை ஒழிக்க வேண்டும் என்றது குழு. தீண்டாமைக்கும் பூசாரி வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பிறப்பை வைத்து ஒருவருக்கு ஒரு வேலையை மறுப்பதும், பிறப்பை வைத்து ஒருவர் மீது ஒரு வேலையைச் சுமத்துவதும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் அல்லவா? செத்த மாட்டைத் தூக்கும் வேலையைச் சுமத்தியதும் பிறப்பைப் பார்த்துத்தானே!

குழு இதைச் சொன்ன அடுத்த ஆண்டே, 1970இல், முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குக் காரணம் சொல்லும்போது இளையபெருமாள் குழுவின் பரிந்துரையையும் குறிப்பிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1972இல் தீர்ப்பு வந்தது. பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும், ஆனால் ஆகம விதிப்படிதான் நியமிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பிறகு நடந்தது நீண்ட கதை. 2007இல் எல்லாச் சாதியினருக்கும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த 24 பேருக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பணி ஆணை கொடுத்தார். 1969இல் எழுதிய ஒரு வரிக்கு 52 ஆண்டு கழித்து ஒரு பலன்!

இப்போது அந்த 'அல்லது'க்குத் திரும்பி வருவோம். மறந்துவிட்டீர்களா?

அறிக்கையின் பின்னால், சட்டத்தைத் திருத்தும் மசோதா 1972இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இரண்டு அவைகளின் உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக் குழு அதை ஆராய்ந்தது. நிறைவேறி நடைமுறைக்கு வந்தது 1976 நவம்பர் 19இல். பழைய சட்டத்துக்குக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாறியது. பெயர் மாற்றம் பெரிய விஷயம் இல்லை. உள்ளே என்ன மாறியது என்று பாருங்கள்.

'அல்லது' போய்விட்டது. குறைந்தது ஒரு மாதம் சிறையும், கூடவே குறைந்தது 100 ரூபாய் அபராதமும் என்று ஆனது. பணம் கட்டிவிட்டுச் சாப்பிடப் போக முடியாது. அதே குற்றத்தை மறுபடி செய்தால் தண்டனை கூடும். சமாதானம் என்ற பெயரில் வழக்கை மூடவும் வழியில்லை. தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கவும் தடை வந்தது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தவை இரண்டு. அதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று, அரசு ஊழியர் பற்றியது. புகார் வந்தும் வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டுவிடுகிற அதிகாரி இருக்கிறாரே, அவரும் குற்றத்துக்கு உடந்தை என்று சட்டம் சொன்னது. அதுவரை தீண்டாமை செய்தவர் மட்டும்தான் குற்றவாளி. இனிமேல் கண்ணை மூடிக்கொண்டவரும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அரசாங்கத்தைப் பற்றியது. பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு நடத்தச் சட்ட உதவி கொடுப்பது, வழக்குகளைக் கவனிக்கத் தனி அதிகாரிகளை நியமிப்பது, தனி நீதிமன்றம் அமைப்பது, தீண்டாமை நிலவும் பகுதிகள் எவை என்று கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைச் சட்டத்திலேயே எழுதினார்கள். மத்திய அரசும் மாநில அரசுகளும் இந்த ஆண்டு என்ன செய்தன என்று ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதாவது, யாராவது ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால்தான் பதில் என்பது இல்லை. கேட்காவிட்டாலும் அரசு கணக்குக் காட்டியாக வேண்டும். எழுத்தில் இருப்பதெல்லாம் ஊரில் முழுமையாக நடந்துவிட்டதா என்றால், இல்லை. அதனால்தான் 1989இல் இன்னும் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு அந்தச் சட்டத்திலும் தண்டனை உண்டு.

இளையபெருமாள் 1980இல் சென்னை எழும்பூர் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். பிற்காலத்தில் காங்கிரஸிலிருந்து விலகி, இந்திய மனித உரிமைக் கட்சி என்று தனிக் கட்சி கண்டார். அது பெரிய கட்சியாக வளரவில்லை. ஆனாலும் கடலூர் மாவட்டத்து ஊர்களில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. 2005ஆம் ஆண்டு, 81ஆவது வயதில் காலமானார்.

அவருடைய நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு சிதம்பரத்தில் அவருக்குச் சிலையோடு நினைவு அரங்கம் கட்டி, 2025 ஜூலையில் முதலமைச்சர் அதைத் திறந்து வைத்தார். நடராசர் கோவிலையும் பிச்சாவரம் படகையும் பார்க்கச் சுற்றுலா போகிற பிள்ளைகள், ஆசிரியரிடம் கேட்டு அந்த அரங்கத்துக்கும் போய் வாருங்கள்.